பள்ளத்து கோலுக்கு ஒரு செய்தி

தேன்மட்டத்தில் மஞ்சு இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்கிறவன் மூக்கு தெரியாது. மலைப் பனிமூட்டத்துக்கு அங்கே மஞ்சு என்று பேர். அது இறங்குவதும் சரியாகக் கால்பந்து சீசனில்தான். வேறு ஊராக இருந்தால் ஆட்டத்தை வேறு மாதத்துக்கு மாற்றியிருப்பார்கள். தேன்மட்டத்துக்காரர்கள் பார்க்கிற விதத்தை மாற்றிக்கொண்டார்கள்.

மைதானத்துக்கு ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மேட்டு கோலுக்குப் பின்னால் ஒரு கூட்டம் நிற்கும், பள்ளத்து கோலுக்குப் பின்னால் ஒரு கூட்டம். மேட்டில் நடப்பது பள்ளத்துக்குத் தெரியாது, பள்ளத்தில் நடப்பது மேட்டுக்குத் தெரியாது. அதனால் நடுக்கோட்டருகே ஒருவர் நின்று, ஒரு பக்கம் கத்துவதை வாங்கி மறுபக்கத்துக்குக் கத்துவார். அவருக்கு நடுக்குரல் என்று பேர். ஆட்டம் முடிந்தது, இன்ன கணக்கு என்று நடுக்குரல் சொல்கிற வரைக்கும் யாரும் இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். மழை கொட்டினாலும் அப்படித்தான்.

நடுக்குரல் மருதவீரன். ஐம்பத்தெட்டு வயது. தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர், ரசிகர் மன்றத்துக்குத் தலைவர். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தேறின தொண்டை. ஊரில் பாதிப் பேர் அந்தத் தொண்டை வழியாகத்தான் கால்பந்து பார்த்தார்கள்.

மருதவீரன் மன அமைதிக்காக மலைக்கு மேலே இருக்கும் சாமியார் குடிலுக்குப் போவார். டீம் தோற்கும்போதெல்லாம் போவார். அடிக்கடி போகவேண்டியிருந்தது.

அந்த வாரம் டீம் தோற்கவில்லை. ஆனாலும் மூச்சிரைக்க ஏறிப் போனார்.

குடிலில் சின்னச்சாமி தொட்டித் தண்ணீரில் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்.

“சாமி, நீங்களே ஒரு நியாயத்தைச் சொல்லுங்க.”

“உட்காருங்க தலைவரே.”

“உட்கார நேரமில்ல” என்று சொல்லிவிட்டு மருதவீரன் உட்கார்ந்தார். “டீமுக்குப் புதுசா கோச் போட்டிருக்காங்க.”

“கேள்விப்பட்டேன். ரூபன்னு பேர் சொன்னாங்க.”

“பேர் கிடக்கட்டும். வயசு இருபத்தேழு.”

“ம்.”

“இருபத்தேழு சாமி! நான் போட்டிருக்கற ஸ்வெட்டருக்கு அதைவிட வயசு ஜாஸ்தி.”

சாமி ஸ்வெட்டரைப் பார்த்தார். மறுக்க முடியவில்லை.

“பெர்னாட்டை அனுப்பிட்டாங்க. அவன் என் கூட்டாளி. ஒண்ணா ஆடினோம், ஒண்ணா முழங்கால் போச்சு. மகள் வீட்டுக்கு ஈரோட்டுக்குப் போயிட்டான். போன் போட்டா எடுக்கறதில்ல. அவன் கோச்சா இருந்தப்ப ஜெயிச்சோமான்னு கேக்காதீங்க.”

“கேக்கல.”

“ஆனா அவனுக்கு அனுபவம் இருந்துச்சு.”

“எதுல?”

மருதவீரன் யோசித்தார். யோசனை போன வழி பிடிக்காமல் பாதியில் திரும்பி வந்தார்.

“இந்தப் பையனுக்கு மீசைகூட ஒழுங்கா முளைக்கல சாமி. இவன் முன்னாடி நம்ம பசங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதா? சின்ன வயசுக்காரன்கிட்ட போய் என்ன இருக்கும், நாம கத்துக்க?”

சொல்லி முடித்த பிறகுதான் எதிரில் இருப்பவரைப் பார்த்தார். சாமிக்கு முப்பத்திரண்டு வயது. பெரியசாமி போகும்போது குடிலை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதனால்தான் ஊரில் சின்னச்சாமி என்று கூப்பிட்டார்கள். பஸ் கண்டக்டராக இருந்தவர் என்று ஒரு பேச்சு உண்டு. யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

“உங்களைச் சொல்லல சாமி.”

“தெரியும்.”

“உங்க விஷயம் வேற.”

“எப்படி வேற?”

“நீங்க சொல்றதை நாங்க யாரும் செய்யறதில்லையே. அவன் சொல்றதை டீம் செய்யுதே!”

சாமி சிரித்துவிட்டார். கையிலிருந்த கேரட் தொட்டிக்குள் விழுந்தது.

“ரசிகர்கள் என்ன பேசிக்கறாங்க?”

“அதைக் கேக்காதீங்க, தலை சுத்துது. பேக்கரி யாக்கோபு இருக்கானே, லேப்டாப்பை வச்சுக்கிட்டுப் பந்தாட முடியுமான்னு அன்னைக்குப் பூரா கத்தினான். மறுநாள் அவனே, மத்த டீம் கோச்சுங்க லேப்டாப்பெல்லாம் பெருசா இருக்கு, நம்ம ஆளுது சின்னதா இருக்கேன்னு வருத்தப்படறான்.”

“சரி.”

“பந்தே இல்லாம பசங்களை ஓட விடறான்னு திட்டினாங்க. பந்தைக் குடுத்தான். பயந்துட்டான்யான்னு திட்டினாங்க. பழைய கீப்பரை உட்கார வச்சுட்டு ஒரு புதுப் பையனைக் கோல்ல நிறுத்தினான். அதுக்கு டீக்கடையில ரெண்டு பேருக்கு அடிதடியே வந்துருச்சு. விலக்கிவிடப் போனா, ரெண்டு பேருமே புதுக் கீப்பர் வேண்டாம்ங்கற கட்சிதான்.”

“அப்புறம் எதுக்கு அடிதடி?”

“அதான் சாமி எனக்கும் புரியல. இவன் கோயமுத்தூர்ல காலேஜ் பொண்ணுங்களுக்குக் கோச்சா இருந்தவன். அதைச் சொல்லிச் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணுங்க கப் அடிச்சாங்களாமேன்னு ஒருத்தன் சொன்னதும் சிரிப்பு நின்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் சிரிச்சாங்க.”

“நீங்க என்ன நினைக்கறீங்க?”

“எனக்குக் காலைல பிடிக்குது. சாயங்காலம் பிடிக்கல.”

“மத்தியானம்?”

“ஷிஃப்ட்.”

சாமி கேரட்டின் தழையைக் கிள்ளிப் போட்டார். மருதவீரன் குரலைத் தணித்தார். அவருடைய தணிந்த குரல் பக்கத்து எஸ்டேட் வரைக்கும் மட்டும் கேட்கும்.

“ஞாயித்துக்கிழமை கீழ்மலை டீம்கூட ஆட்டம். தோத்தா பையனை அனுப்பிடணும்னு மன்றத்துல பேசியாச்சு. ‘ரூபனே வெளியே போ’ன்னு நான் நடுவுல இருந்து ஆரம்பிக்கணும். நான் ஆரம்பிச்சா ரெண்டு கோலும் பிடிச்சுக்கும். கமிட்டிக்காரங்க பயந்தாங்கொள்ளிங்க. அங்கயே சீட்டைக் கிழிச்சுருவாங்க.”

“ஆரம்பிக்கப் போறீங்களா?”

“அதைக் கேக்கத்தானே மலையேறி வந்தேன்.”

சாமி அடுத்த கேரட்டை எடுத்தார்.

“இன்னொண்ணும் இருக்கு சாமி. வந்த முதல் வாரமே என்னைத் தேடி வந்தான். ‘அண்ணே, ஆட்டத்தப்ப நீங்க எந்த இடத்துல நிப்பீங்க’ன்னு கேட்டான். காமிச்சேன். மறுநாள் பார்த்தா, கோச் பெஞ்சைத் தூக்கிட்டு வந்து எனக்குப் பக்கத்துல போட்டிருக்கான்.”

“எதுக்கு?”

“எதுக்கு? வேவு பார்க்கத்தான்.”

“அப்படின்னு அவர் சொன்னாரா?”

“அதையெல்லாம் சொல்லுவானா?”

“நீங்க கேட்டீங்களா?”

“நானா? நான் போய் அவன்கிட்டயா?”

சாமி தொட்டித் தண்ணீரைச் சாய்த்துவிட்டார்.

“ஞாயித்துக்கிழமை நானும் வரேன். எங்க நிக்கட்டும்?”

மருதவீரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “மேட்டுல நில்லுங்க சாமி. நல்ல இடம் பிடிச்சு வைக்கச் சொல்றேன்.”

“பள்ளத்துல நிக்கறேன்.”

“ரெண்டாவது பாதியில நம்ம கோல் மேட்டுப் பக்கம். பள்ளத்துல நின்னா ஒண்ணும் தெரியாது. நான் சொல்றதுதான் ஆட்டம்.”

“அது போதும். எனக்கு ஆட்டம் தெரியாது தலைவரே. நீங்க பார்த்ததைச் சொல்லுங்க. கூடச் சேர்த்தா குழம்பிடுவேன்.”

“நான் எப்ப சாமி கூடச் சேர்த்தேன்?”

அவர் உண்மையாகவே அப்படி நம்பித்தான் கேட்டார். பந்து ஆகாயத்துக்குப் போனால் ‘கம்பத்துல பட்டுருச்சு’ என்று கத்துவார். நம் ஆள் தானாக வழுக்கி விழுந்தால் ‘தள்ளிட்டான் பாவி’ என்று கத்துவார். இது எதையும் அவர் சேர்ப்பதாக நினைக்கவில்லை. பள்ளத்து ரசிகர்கள் பார்த்த ஆட்டம் எப்போதுமே மேட்டு ரசிகர்கள் பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

மலை இறங்கும்போது, கேட்டதற்குப் பதில் கிடைத்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. கையில் இரண்டு கேரட் இருந்தது. ஒன்றைக் கடித்துக்கொண்டே இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சு கணக்குப் பார்க்காமல் இறங்கியது. எதிர் கோல்கம்பம் கண்ணுக்குத் தெரிந்தால் ஆடலாம் என்பது அங்கே சட்டம். தெரிகிறது என்று ரெஃப்ரி சொன்னார். அவர் பார்த்த திசையில் கோல்கம்பம் இல்லை, வாட்டர் டேங்க்தான் இருந்தது. யாரும் திருத்தவில்லை.

சின்னச்சாமி ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு பள்ளத்துக் கூட்டத்தில் போய் நின்றார்.

மருதவீரன் தன் இடத்தில் நின்றார். இடதுபக்கம் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் பெஞ்சு. அதில் ரூபன் உட்காரவே இல்லை. ஜாக்கெட் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, மஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெர்னாட்டாக இருந்தால் இந்நேரத்துக்குள் ரெஃப்ரியின் பரம்பரையை இரண்டு தடவை இழுத்திருப்பான். இவன் வாயே திறக்கவில்லை. இப்படியும் ஒரு கோச்சா என்று மருதவீரனுக்கு எரிச்சல் வந்தது. கத்தியிருந்தால் அதற்கும் வந்திருக்கும்.

முதல் பாதியில் சாமி சொன்னதை நினைத்துக்கொண்டு, பார்த்ததை மட்டும் சொல்லிப் பார்த்தார்.

“பந்து வெளியே!”

பள்ளத்திலிருந்து கேள்வி வந்தது. “வெளியேன்னா எப்படித் தலைவரே வெளியே?”

“வெளியேதான்!”

“பக்கத்துல போச்சா? தூரப் போச்சா?”

“தெரியல!”

பள்ளத்தில் சலசலப்பு எழுந்தது. “தலைவருக்குத் தொண்டை சரியில்லையா?” என்று யாரோ கேட்டது மஞ்சைத் தாண்டி வந்து அவர் காதில் விழுந்தது. அவமானமாக இருந்தது. அடுத்த பந்து கம்பத்தில் பட்டது. அதற்கடுத்ததும் பட்டது. பள்ளம் திருப்தியாகிக் கைதட்டியது.

இடைவேளைவரை கோல் இல்லை. ரசிகர்களுக்கு அதிலும் குழப்பம். ஜெயிக்கவில்லை என்று கோபப்பட்டவர்களும், தோற்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டவர்களும் ஒரே கடையில் ஒரே பக்கோடாவைத் தின்றார்கள். பேக்கரி யாக்கோபு வந்து மருதவீரன் தோளில் தட்டினான்.

“எப்ப ஆரம்பிக்கறீங்க தலைவரே?”

“ஒரு கோல் வாங்கட்டும்.”

“வாங்கிடுவோமில்ல?” என்று கவலையோடு கேட்டுவிட்டு யாக்கோபு போனான். அவன் எந்தக் கட்சி என்று மருதவீரனுக்குப் புரியவில்லை.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருந்தபோது மேட்டுப் பக்கம் நீளமாக விசில் கேட்டது.

“பெனால்ட்டி! அவங்களுக்கு!” என்று மேட்டிலிருந்து குரல் வந்தது. மருதவீரன் அதைப் பள்ளத்துக்கு அனுப்பினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தேன்மட்டத்து டீமுக்கு எதிராகப் பெனால்ட்டி கொடுத்தால் ரசிகர்கள் திரும்பி நின்றுகொள்வார்கள். பார்த்தால் உள்ளே போகும், பார்க்காவிட்டால் போகாது என்பது அந்த ஊர் விஞ்ஞானம். எப்போதோ ஒரு வருஷம் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபோது பந்து கம்பத்துக்கு மேலே பறந்ததாம். அதற்கப்புறம் உள்ளே போன பெனால்ட்டிகளுக்கெல்லாம், எவனோ ஓரக்கண்ணால் பார்த்திருப்பான் என்று காரணம் சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஆகவே மேட்டுக் கூட்டம் மொத்தமும் திரும்பி நின்றது.

மருதவீரன் காதைத் தீட்டிக்கொண்டார். பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. உடனே ‘ஹோ’ என்று ஒரு கூச்சல். கீழ்மலையிலிருந்து ஜீப்பில் வந்தவர்களின் கூச்சல். அப்புறம் விசில்.

சந்தோஷக் கூச்சலும் வயிற்றெரிச்சல் கூச்சலும் மஞ்சுக்குள் ஒன்றாகத்தான் கேட்கும்.

“என்னாச்சு?” என்றது பள்ளம்.

மேட்டிலிருந்து பதில் வரவில்லை. அவர்கள் இன்னும் திரும்பவில்லை.

“தலைவரே! என்னாச்சு?”

பக்கத்திலிருந்தும் ஒரு குரல் கேட்டது.

“அண்ணே, உள்ள போயிடுச்சா?”

ரூபன். கழுத்தை நீட்டி மஞ்சுக்குள் பார்த்து, ஒன்றும் தெரியாமல், மருதவீரன் முகத்தைப் பார்த்துக் கேட்டான். சட்டையைப் பிடித்துக் கேட்கிற மாதிரி அவசரம் கண்ணில் இருந்தது.

“போயிடுச்சு” என்றார் மருதவீரன்.

சொல்லிவிட்டுக் கைகளைக் குவித்துப் பள்ளத்துப் பக்கம் திரும்பினார். “கோல் வாங்கிட்டோம்! ரூபனே வெளியே போ!”

பள்ளம் அதைப் பிடித்துக்கொண்டது. ‘வெளியே போ, வெளியே போ’ என்று மஞ்சு அதிர்ந்தது.

ரூபன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. தலையை ஒரு தரம் ஆட்டினான். திரும்பி, பெஞ்சில் இருந்த ஃபார்வர்டை எழுப்பினான். “நடுக்கோட்டுக்குப் போ. கிக்-ஆஃப் எடுத்ததும் ஏறி அடிக்கணும். ஸ்டாப்பரை வெளிய கூப்பிடறேன்.” லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார், விசில் கேட்டது, ஃபார்வர்ட் உள்ளே ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் மஞ்சைப் பிளந்துகொண்டு ஸ்டாப்பர் வந்தான். டீமிலேயே உயரமானவன். தலையால் முட்டிப் பந்தை வெளியே தள்ளுவதில் கெட்டிக்காரன். அவன் முகத்தில் வருத்தமே இல்லை, பல்லெல்லாம் தெரிந்தது. ரூபனைப் பார்த்ததும்தான் சிரிப்பு குறைந்தது.

“சார், கார்னர் சார். இந்த நேரத்துல ஏன் சார் கூப்பிட்டீங்க?”

“கார்னரா?”

“நம்ம கீப்பர் தட்டிவிட்டுட்டான் சார்! பெனால்ட்டியைத் தட்டிவிட்டுட்டான்! இப்பக் கார்னர் போடப்...”

மேட்டுப் பக்கம் சத்தம் வெடித்தது. இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமில்லாத சத்தம். மேட்டுக் கூட்டம் அதற்குள் திரும்பியிருந்தது.

“கோல்! கார்னர்ல கோல் வாங்கிட்டோம்! ஸ்டாப்பர் எங்கய்யா போனான்?”

ரூபன் மருதவீரனைப் பார்த்தான். ஒரே ஒரு தடவைதான். கோபம் இருந்தால்கூட மருதவீரனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்புறம் மைதானத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

மருதவீரன் பள்ளத்துக்கு எதுவும் கத்தவில்லை. கத்துவதற்கு அவரிடம் எதுவுமில்லை. பள்ளம் கொஞ்ச நேரம் ‘வெளியே போ’ என்று சொல்லிக்கொண்டிருந்தது, பிறகு செய்தி வராததால் ஓய்ந்தது. கடைசி விசில் அடித்ததையும் அவர் சொல்லவில்லை.

கடைசி விசிலைத் தன் காதாலேயே கேட்டுவிட்ட மேட்டுக் கூட்டம் கமிட்டி ஷெட் வாசலில் வந்து குவிந்தது. கிளப் செயலாளர் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றார்.

“கார்னர் நேரத்துல ஸ்டாப்பரைக் கழட்டற கோச்சை எந்த ஊர்லயாவது பார்த்திருக்கீங்களா?” என்று ஒருவன் கத்தினான்.

“வயசு அப்படி!”

“எத்தனை வயசானாலும் இது தெரிய வேண்டாமா?”

செயலாளர் கை காட்டி அடக்கினார். “தம்பி ரூபன், நீயே சொல்லு. ஏன் கழட்டினே?”

ரூபன் முன்னால் வந்தான். மருதவீரன் முன்னால் நின்றவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். இதோ, இப்போது சொல்லப் போகிறான். கையை நீட்டி இந்த ஆள்தான் என்று காட்டப் போகிறான்.

“தப்பா முடிவெடுத்துட்டேன் சார்” என்றான் ரூபன். “என் தப்பு.”

அவ்வளவுதான். பின்னால் நகர்ந்துவிட்டான்.

கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “ஒத்துக்கிட்டான் பாரு, நல்ல பையன்” என்றார்கள் சிலர். “ஒத்துக்கிட்டான்ல, அனுப்பு” என்றார்கள் சிலர். பேக்கரி யாக்கோபு இரண்டையும் சொன்னான்.

செயலாளருக்கு வியர்த்தது. கூட்டத்தில் தேடி மருதவீரனைக் கண்டுபிடித்தார்.

“மருதவீரண்ணே, மன்றம் சார்பா நீங்க சொல்லுங்க. இருக்கட்டுமா, போகட்டுமா? நீங்க சொல்றபடி கமிட்டி செய்யும்.”

எல்லோரும் திரும்பினார்கள். ரூபன் மட்டும் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மருதவீரன் வாயைத் திறந்தார். ஃபேக்டரி மிஷின்களை ஜெயித்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

“ஒரு நிமிஷம்” என்று கையைக் காட்டிவிட்டு மைதானத்துக்குள் நடந்தார். ஏன் அந்தப் பக்கம் நடந்தார் என்று அவருக்கே தெரியாது. ஷெட் வாசல் மஞ்சுக்குள் மறைந்ததும் நின்றார். அது அவர் வழக்கமாக நிற்கிற இடம். கோச் பெஞ்சு காலியாகக் கிடந்தது.

பள்ளத்துப் பக்கமிருந்து ஓர் உருவம் ஏறி வந்தது. சால்வை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

“ஆட்டம் எப்படித் தலைவரே?” என்று கேட்டார் சின்னச்சாமி.

“உங்களுக்குத் தெரியாதா சாமி?”

“நீங்க சொன்ன வரைக்கும் தெரியும். பெனால்ட்டி உள்ள போச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல.”

“உள்ள போகல சாமி.”

“ஓ.”

“அந்தப் புதுப் பையன் தட்டிவிட்டுட்டான்.”

“போச்சுன்னு வந்துதே.”

“நான்தான் சொன்னேன்.”

“பார்த்தீங்களா?”

“யாருமே பார்க்கல. மேட்டுல எல்லாரும் திரும்பி நின்னாங்க. நான் இங்க நிக்கறேன், எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்புறம் ஏன் சொன்னீங்க?”

மருதவீரன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“கேட்டாங்க சாமி. கேட்டா ஏதாவது சொல்லணுமில்ல?”

சாமி காலிப் பெஞ்சைப் பார்த்தார்.

“அவனும் கேட்டான். வேவு பார்க்க இல்ல சாமி. அவனுக்கும் மஞ்சுல ஒண்ணும் தெரியாது. என் தொண்டையை நம்பித்தான் இந்தப் பெஞ்சைத் தூக்கிட்டு வந்து இங்க போட்டிருக்கான். இத்தனை வருஷமா இங்க நின்னு கத்தறேன். பெர்னாட்கூட ஒரு நாள் என்னைப் பார்த்து, என்ன ஆச்சுன்னு கேட்டதில்ல. இவன் கேட்டான். கேட்டவன்கிட்டப் போய்...”

ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அங்க எல்லார் முன்னாடியும் ‘என் தப்பு’ன்னு சொல்லிட்டு நிக்கறான். என் பேரைச் சொல்லல. ஏன் சாமி சொல்லல?”

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“இல்ல.”

ஷெட் பக்கமிருந்து கூட்டம் கூப்பிட்டது. “தலைவரே! இருக்கட்டுமா, போகட்டுமா? சீக்கிரம் சொல்லுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு!”

மருதவீரன் அந்தப் பக்கம் பார்த்தார். வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. சாமியைப் பார்த்தார்.

“நான் என்ன பண்ணட்டும் சாமி? இருன்னு சொல்லவா, போன்னு சொல்லவா? இப்பவாவது ஒரு பதில் சொல்லுங்க.”

சாமி சால்வையை எடுத்து முறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் சொட்டி முடிகிறவரைக்கும் பொறுத்திருந்தார். பிறகு, தான் ஏறி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

“பள்ளத்துல எல்லாரும் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்காங்க தலைவரே. அவங்களுக்கு இன்னும் செய்தி வரல.”